லா ஷியென் பத்தியும் ஒரு வரி சேருங்க
உங்க கட்டுரைல ஆரம்பகால பேசும்படம்னாலே நாடகம் மாதிரி ஒரே இடத்துல நின்னு பேசுவாங்கன்னு எழுதியிருக்கீங்க சார், ஆனா 1931ல வந்த பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவாரோட லா ஷியென் அப்படி இல்லவே இல்ல, பாரிஸ்ல இருக்கிற மோன்மார்த்ர் பகுதி தெருவுலயே மைக் வெச்சு சவுண்ட் எடுத்த படம். கேஷியரா வர்ற மிஷேல் சிமோன் லூலுங்கிற பொண்ணு மேல உயிரையே வெச்சிருப்பாரு, அவளுக்கோ அவளோட காதலன் தேதே தான் எல்லாம். கேஷியர் லூலுவை கொல்ற அந்த சீன்... லூலு கட்டில்ல படுத்து புக்கோட ஒட்டின பக்கங்களை பேப்பர் கத்தியால பிரிச்சுக்கிட்டே அவரை பார்த்து சிரிப்பா, அப்புறம் கேமரா தெருவுக்கு போயிடும், கீழ ஒருத்தர் பாடிட்டு இருப்பாரு, சுத்தி கூட்டம், மறுபடி ஜன்னலுக்கு ஏறும்போது எல்லாம் முடிஞ்சிருக்கும். குத்துறதை காட்டவே இல்ல, பாட்டு மட்டும்தான், எனக்கு கை நடுங்கிடுச்சு. லூலுவா நடிச்ச ழானி மரேஸ் படம் ரிலீஸ் ஆகுறதுக்கு முன்னாடியே கார் விபத்துல இறந்துட்டாங்க, அது தெரிஞ்சப்புறம் அந்த சிரிப்பை என்னால மறுபடி பார்க்கவே முடியல சார்.