அது வேற்றுக்கிரகவாசி அல்ல, கூகைக் குஞ்சு

வெள்ளை முகம், கறுத்த கண்கள், மனிதரைப் போல நிமிர்ந்து நிற்கும் மூன்று உருவங்கள். "கட்டடத்துக்குள் வேற்றுக்கிரகவாசிகள்" என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் மறுபடி சுற்றுகிறது. "கருடன் குஞ்சுகள், பகிர்ந்தால் நல்லது நடக்கும்" என்று இன்னொரு வடிவமும் உண்டு.

இரண்டும் தவறு. அது 2017-இல் விசாகப்பட்டினத்தில் எடுத்த பழைய வீடியோ. அதில் இருப்பவை கூகை என்ற ஆந்தை வகையின் குஞ்சுகள். இறகு சரியாக முளைக்காத வயதில் நீண்ட கால்கள் தெரிய நிற்பதால்தான் அந்த விநோதத் தோற்றம். முதல்முறை பார்த்தபோது எனக்கும் கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது!

கூகையும் பெரும்பாலான மற்ற ஆந்தைகளும் வேறு வேறு குடும்பம். கூகையின் முகம் இதய வடிவில் இருக்கும், கண்கள் கறுப்பு. நம் தெருமரப் பொந்தில் இருக்கும் புள்ளி ஆந்தைக்கு வட்டத் தலை, மஞ்சள் கண்கள். கூகை அலறாது, கிறீச்சிடும். குஞ்சுகள் பாம்பு போலச் சீறும். கருடனோ பகலில் வேட்டையாடும் பருந்து இனம், மரத்தில் குச்சிகளால் கூடு கட்டும். கூகை இருட்டான கட்டட மூலை, கோயில் கோபுரம் என்று ஒதுங்கும். இரையில் பெரும்பகுதி எலிதான்.

சந்தேகமிருந்தால் ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவுத் தளத்தில் கூகையின் படங்களைப் பார்க்கலாம். அந்த வீடியோ வந்தால் அனுப்பியவருக்கு இதைச் சொல்லுங்கள், தயவுசெய்து மேலே பகிர வேண்டாம். குஞ்சுகளை நேரில் கண்டால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.