சட்டம் வந்த தேதி மட்டும் அளவுகோல் ஆகாது

அரசின் கொள்கையை மாற்ற அமைப்புகள் நிதி பெற்று நடத்தும் திட்டம் வென்றதா என்பதை, மூன்று ஆண்டுகளில் சட்டம் வந்ததா இல்லையா என்பதை வைத்தே மதிப்பிட வேண்டும் என்ற கட்டுரையாளரின் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. தகவல் உரிமைப் போராட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ராஜஸ்தானில் 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு முதலில் கேட்டது குறைந்தபட்சக் கூலியைத்தான். கூலி மறுக்கப்படுவதற்கான சான்று அரசுப் பதிவேடுகளுக்குள் பூட்டிக் கிடக்கிறது என்று கண்ட பிறகே கோரிக்கை திசை மாறியது. 1994 டிசம்பரில் தொடங்கிய மக்கள் விசாரணைகளில் மஸ்டர் ரோல் எனப்படும் வருகை, கூலிப் பதிவேடு ஊரார் முன்னிலையில் உரக்க வாசிக்கப்பட, வேலைக்கே வராதவர்களுக்கும் இறந்துபோனவர்களுக்கும் கூலி கொடுத்ததாகக் கணக்கு எழுதியிருந்தது அம்பலமானது. அன்று ஒரு மதிப்பீட்டாளர் போயிருந்தால், 'சட்டம் எதுவும் வரவில்லை' என்று எழுதிவிட்டுத் திரும்பியிருப்பார்.

தகவல் உரிமை கேட்டு 1996இல் ராஜஸ்தானின் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தது. ராஜஸ்தானின் தகவல் உரிமைச் சட்டம் 2000இல்தான் வந்தது. நாடு முழுமைக்குமான சட்டம் 2005இல். இதற்கிடையே, இந்திய மாநிலங்களிலேயே முதலாவதாகத் தமிழ்நாடு 1997இல் சட்டம் இயற்றியது; ஆனால், ஏராளமான விதிவிலக்குகளால் அது சாமானியருக்குப் பெரிதாகப் பயன்படவில்லை. கட்டுரையாளரின் அளவுகோலின்படி வென்றது தமிழ்நாட்டினரான நாம்தான் என்றாகிவிடும், அது எவ்வளவு பெரிய பிழை!

பத்திரிகையாளர்கள், வழக்கறிஞர்கள், முன்னாள் அதிகாரிகள் எனப் பல கைகள் சேர்ந்த இத்தகைய மாற்றத்தில், ஓர் அமைப்பின் பங்கு என்ன என்று கேட்கலாமே தவிர, முழுப் பெருமையும் யாருக்கு என்று கேட்பது பொருந்தாது. பதிவேட்டைக் கேட்கும் துணிவு எத்தனை ஊர்களுக்குப் பரவியது, அதிகாரிகளின் பதில் எப்படி மாறியது என்பவற்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, திட்டத்தையே திருத்திக்கொள்ள நிதி வழங்குவோர் இடம் தர வேண்டும்.