சோயா மணமும் எனக்குக் கிடைத்த பட்டமும்

ஞாயிற்றுக்கிழமை கொழும்பு வெள்ளவத்தையில், உணவைப் பற்றிய கூட்டமொன்றில் நடந்ததைப் பற்றி மூன்று நாளாகப் பேசாமல் இருந்தேன். இன்று காலை ஒருவர் இன்பொக்ஸில் வந்து "நீங்கள் எந்தக் கம்பனியின் ஆள்?" என்று கேட்கிறார். இனிப் பொறுக்க முடியாது.

நான் அங்கே சொன்னது ஒன்றுதான். சோயாவின் பச்சை மணத்தை மரபணுத் திருத்தத்தால், அதாவது செடியின் சொந்த மரபணுவில் சிறு மாற்றம் செய்து, போக்கலாமென்றால் அதை வரவேற்கிறேன். உடனே அங்கே வந்திருந்த ஐயா ஒருவர் மைக்கை வாங்கி "விஷத்தைத் தின்னச் சொல்கிறா" என்றார். மண்டபமே கைதட்டியது.

எது விஷம்? சோயாவில் லிப்பாக்சிஜனேஸ் என்றொரு நொதியம் (என்சைம்) இருக்கிறது. அரைத்து ஈரம் பட்டதும் அது கொழுப்பைத் தாக்கி, வெட்டின புல் போல மணக்கும் ஹெக்சனல் என்ற பொருளை உண்டாக்கும். அந்த நொதியத்துக்கான மூன்று மரபணுக்களைக் கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவியால் செயலிழக்கச் செய்து காட்டிவிட்டார்கள். அதற்காகப் புகுத்திய வேற்று மரபணு மிஞ்சாத செடியைத் தெரிந்தெடுக்கவும் முடியும். இதே மூன்றும் வேலை செய்யாத சோயாவை ஜப்பானியர் 1990களிலேயே காமாக் கதிர் பாய்ச்சி எடுத்தார்கள். அதுவும் மரபணுவை மாற்றியதுதான். அதைப் பற்றி ஐயா ஒரு வார்த்தை பேசவில்லை.

"கொதிக்க வைத்தால் சரிதானே" என்கிறீர்கள். 2022இல் எதை வைத்துக் கொதிக்க வைப்பது? காஸ் இல்லை, மண்ணெண்ணெய்க்குக் கியூ. மீன் வாங்க வழியில்லாமல் சோயா மீட்டை (இறைச்சிக்குப் பதிலாகச் சமைக்கும் சோயாத் துண்டுகளை) சுடுதண்ணீரில் போட்டு மூன்று தரம் பிழிந்து, கறித்தூளை அதிகமாகப் போட்டுக் கறி வைத்தேன். ஆறு வயது மகன் மணந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளினான். அடித்துவிட்டேன். வேறு கறி இல்லை. அன்றிரவு அவன் வெறும் சோறு சாப்பிட்டுப் படுத்தான். மணம் சின்ன விஷயம் என்று எனக்குச் சொல்லாதீர்கள்.

விதை கம்பனிகளின் கைக்குப் போய்விடும் என்ற பயம் எனக்கும் உண்டு. அநுராதபுரத்து விவசாயி ஒவ்வொரு போகமும் விதைக்குக் கையேந்தக் கூடாது. அதற்காகச் சண்டை பிடியுங்கள், நானும் வருகிறேன். பெட்டியில் லேபல் கேளுங்கள். மரபணு மாற்றிய, அதாவது வேற்று மரபணு புகுத்திய, உணவுக்கு 2006லேயே இங்கே விதி போட்டாயிற்று, திருத்தியதற்கும் போடட்டும். "பாட்டன் பூட்டன் சாப்பாடு" என்று சொல்லி எதிர்ப்பதற்கு மட்டும் பதில் சொல்ல மாட்டேன். எந்தப் பூட்டன் சோயா மீட் சாப்பிட்டார்?

ஐயா சொன்னதைக்கூட மறந்துவிடுவேன். கைதட்டியவர்களில் என் மச்சாளும் இருந்தா. அந்த வருஷம் அவவின் பிள்ளைகளும் என் குசினியில்தான் சாப்பிட்டார்கள். அதே கறி, அதே மணம். மச்சாள், நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும்.