எட்டுக் கிலோவும் ஆடித் தள்ளுபடியும்

கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைபோசக்ஷன் சிகிச்சைக்கான அந்த விளம்பரக் காணொளியை இதற்குள் எல்லோருமே பார்த்திருப்பீர்கள். மணப்பெண்களுக்கான சிறப்புத் தொகுப்பு, ஆடித் தள்ளுபடி, காலையில் வந்து மாலையில் எட்டுக் கிலோ குறைந்து வீடு திரும்பலாம் என்ற வாக்குறுதி. நம் முகநூல் நட்பு வட்டத்திலேயே பலர் அதை மகிழ்ச்சியோடு பகிர்ந்திருந்தார்கள். "லைபோசக்ஷன் எடையைக் குறைக்கும் சிகிச்சை அன்று, தயவுசெய்து இதைப் பரப்பாதீர்கள்" என்று மட்டும்தான் அதன் கீழ் எழுதினேன். அதற்கு வந்த பதில்களைப் படித்த பிறகு, விரிவாக எழுதாமல் இருக்க முடியவில்லை.

மறுபடியும் சொல்கிறேன்: லைபோசக்ஷன் எடையைக் குறைக்கும் சிகிச்சை அன்று. உணவுக் கட்டுப்பாட்டுக்கும் உடற்பயிற்சிக்கும் மசியாமல் இடுப்பிலோ தொடையிலோ தாடைக்குக் கீழோ தங்கிவிட்ட கொழுப்பை, தோலுக்கும் தசைக்கும் நடுவிலிருந்து மெல்லிய குழாய் வழியாக உறிஞ்சி எடுத்து, உருவத்தைத் திருத்தும் அறுவை சிகிச்சை அது. அதனால்தான் அதற்கு ஏற்றவர் என்று மருத்துவர்கள் கருதுவது பருமனானவரை அல்ல. ஏற்கெனவே தமக்குரிய எடைக்கு அருகில் இருப்பவரை, பல மாதங்களாக எடை ஏறாமலும் இறங்காமலும் நிலைத்திருப்பவரை, கொழுப்பு போன பின் சுருங்கிப் பொருந்தும் அளவுக்குத் தோலில் மீள்தன்மை உள்ளவரை, புகைபிடிக்காதவரை, இதயத்திலும் நுரையீரலிலும் ரத்தம் உறைவதிலும் கோளாறு இல்லாதவரை. விரும்பத்தக்க எடையைவிட முப்பது சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருப்பவர்களைப் பொதுவாக இதற்குப் பரிந்துரைப்பதில்லை. அந்த விளம்பரமோ எடை மிகுந்த பெண்களைத்தான் பெயர் சொல்லாத குறையாக அழைக்கிறது.

எட்டுக் கிலோ என்ற கணக்கையே எடுத்துக்கொள்வோம். 1980-களில் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் உருவாக்கிய முறையில், லிடோகெயின் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்தையும் ரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலினையும் உப்புநீரில் மிகவும் நீர்க்கக் கலந்து, முதலில் அந்த இடத்தில் செலுத்திவிடுகிறார்கள். முந்தைய முறைகளில் பெரும் ஆபத்தாக இருந்த ரத்த இழப்பு குறைந்தது இதனால்தான். ஆனால் வெளியே வருவது கொழுப்பு மட்டும் அன்று. செலுத்திய நீரும் சிறிது ரத்தமும் அதில் கலந்திருக்கும். இவை எல்லாம் சேர்ந்து ஐந்து லிட்டரைத் தாண்டினாலே பெரிய அளவு உறிஞ்சல் என்று பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள். அதற்கு முழு வசதியுள்ள மருத்துவமனையும் இரவு முழுவதும் கண்காணிப்பும் வேண்டும். ஒரு லிட்டர் கொழுப்பு ஒரு கிலோகூட இராது. அப்படியானால் காலையில் வந்து மாலையில் போகும் பெண்ணிடமிருந்து எட்டுக் கிலோ எங்கிருந்து குறையும்? ஒன்று அது பொய், அல்லது அது உயிரோடு விளையாடுவது. இரண்டில் எதுவானாலும் அதைப் பகிர்பவருக்குக் கூச்சம் வர வேண்டும்.

திருமணத்துக்கு முன் என்பது அதைவிட வேதனை. வீக்கமும் ரத்தக்கட்டும் வாரக்கணக்கில் நிற்கும். இறுக்கும் ஆடையை மாதம் தாண்டியும் அணிய வேண்டியிருக்கும். உண்மையான உருவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். ஆடியில் செய்துகொண்டு ஆவணியில் மணவறையில் உட்காரும் பெண், முகூர்த்தப் புடவைக்குள் அந்த இறுக்கு ஆடையோடுதான் உட்கார நேரிடும். இதை அந்தக் காணொளியில் யாரும் அவளிடம் சொல்லவில்லை.

"நீங்கள் என்ன டாக்டரா?" என்று ஒருவர் கேட்டார். இல்லை. ஆனால் என் அக்காவின் கால்களோடு இளமையிலிருந்து வாழ்ந்தவள். இடுப்புக்கு மேல் மெலிந்த உடல். கீழே தொடையும் கெண்டைக்காலும் பருத்து, கணுக்காலில் வளையம் போட்டதுபோல் நின்றுவிடும். பாதம் மட்டும் சாதாரணமாக இருக்கும். லேசாக இடித்தாலே கன்றிப்போகும், தொட்டாலே வலிக்கும். பார்த்த மருத்துவர் ஒவ்வொருவரும் சோற்றைக் குறைக்கச் சொன்னார்கள். குறைத்தாள். முகம் வற்றியது, கை வற்றியது, கால் அப்படியே இருந்தது. புகுந்த வீட்டில் "ஒளித்து வைத்துத் தின்கிறாள்" என்றார்கள். பெற்ற தாயே சில நாள் அதை நம்பினாள்.

கடைசியில் ஒரு பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்தான் அதற்கு லிப்பெடிமா என்று பெயர் உண்டு என்றும், அது கால்களில் கொழுப்பு அளவுமீறிச் சேரும், பெரும்பாலும் பெண்களுக்கே வரும் நோய் என்றும், பட்டினி கிடந்தால் அது கரையாது என்றும் சொன்னார். அக்கா அங்கேயே அழுதுவிட்டாள். லைபோசக்ஷன் உண்மையிலேயே தேவைப்படும் நோய் இது. ஜெர்மனியில் இந்நோய் முற்றிய நிலையில் உள்ளவர்களுக்கு 2020-லேயே பொதுக் காப்பீடு அந்தச் செலவை ஏற்கத் தொடங்கிவிட்டது. அவ்வளவு தேவை இருந்தும் அந்த மருத்துவர் உடனே கத்தியை எடுக்கவில்லை. ஹீமோகுளோபின் குறைவு, அதைச் சரிசெய்துகொண்டு வாருங்கள் என்றார். குடும்பத்தில் யாருக்காவது காலில் ரத்தம் உறைந்திருக்கிறதா, கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களா, ஆஸ்பிரின் எடுக்கிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அதுவரை அழுத்தக் காலுறை அணியச் சொன்னார். கூட வந்திருந்த அத்தான், தம் வயிற்றையும் கையோடு பார்த்துவிடச் சொன்னார். மருத்துவர் விரலால் கிள்ளிப் பார்த்துவிட்டு, "பிடிக்குள் வருவதுதான் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு, உங்களுடையது குடலைச் சுற்றி உள்ளே இருக்கிறது, எந்தக் குழாயும் அங்கே போகக்கூடாது" என்று சொல்லி நடைப்பயிற்சிக்கு அனுப்பிவிட்டார். வந்த வருமானத்தை வேண்டாமென்று சொல்லத் தெரிந்தவரை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் தள்ளுபடி போட்டுக் கூப்பிடுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"அவள் உடல், அவள் விருப்பம், நீங்கள் யார் தடுக்க?" என்று பெண்ணுரிமை பேசிய தோழிக்கு: நான் யாரையும் தடுக்கவில்லை. குழந்தை பெற்ற பின் எடை குறைந்தும் வயிற்றோரம் ஒரு திரட்சி மட்டும் போகாத பெண் செய்துகொள்ளட்டும்; மார்பு பருத்து நண்பர்களின் கேலிக்கு ஆளாகும் இளைஞன் காரணத்தைப் பரிசோதித்த பின் செய்துகொள்ளட்டும். ஆனால் தோல் தொங்கிவிட்டவருக்கு இது பயன்படாது, அதற்கு வேறு அறுவை இருக்கிறது என்ற உண்மையைச் சொல்லாமல் பணம் வாங்கிவிட்டு அதை விருப்பம் என்று அழைக்காதீர்கள்.

சர்க்கரை நோய்க்கும் நல்லது என்று ஒருவர் எழுதியிருந்தார். பருமனான பதினைந்து பெண்களிடமிருந்து ஏறக்குறைய பத்துக் கிலோ கொழுப்பை எடுத்து அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். 2004-ல் வெளியான அந்த முடிவின்படி இன்சுலின் செயல்பாட்டிலோ ரத்த அழுத்தத்திலோ கொலஸ்ட்ராலிலோ முன்னேற்றம் எதுவும் இல்லை. இதற்கு மேல் அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

தகுதியானவர் கையில், தகுதியானவருக்குச் செய்தால் ஆபத்து குறைவு என்பதை மறுக்கவில்லை. ஆனால் 2022 மே மாதம் பெங்களூருவில் 21 வயதே ஆன கன்னட நடிகை சேத்தனா ராஜ் கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் போய் உயிரோடு திரும்பவில்லை. 2007-ல் அமெரிக்கப் பாடகர் கான்யே வெஸ்டின் தாயார் டோண்டா வெஸ்ட், லைபோசக்ஷனும் மார்பக அறுவையும் செய்துகொண்ட மறுநாள் இறந்தார். அவருக்கு இதய ரத்தக்குழாய் நோய் இருந்தது பிணப் பரிசோதனையில் தெரிந்தது. அதன் பிறகு, 2009-ல், அழகு அறுவைக்கு முன் உடற்பரிசோதனையும் எழுத்துபூர்வமான மருத்துவ ஒப்புதலும் கட்டாயம் என்று கலிஃபோர்னியா அவர் பெயரிலேயே சட்டம் இயற்றியது. நாம் இங்கே தள்ளுபடிக் கூப்பனைப் பகிர்கிறோம். செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். என்ற உயர்படிப்பு படித்தவரா, மயக்க மருத்துவர் கூட இருப்பாரா, நள்ளிரவில் மூச்சுத் திணறினால் தீவிர சிகிச்சைப் பிரிவு எங்கே என்று கேட்ட ஒருவரைக்கூட அந்தக் காணொளியின் கீழ் நான் பார்க்கவில்லை.

சேத்தனா இறந்தபோதும் "பேராசைக்குக் கிடைத்த தண்டனை" என்று எழுதினார்கள். இப்போது என் பதிலுக்குக் கீழ், "வாயைக் கட்டியிருந்தால் இதெல்லாம் தேவைப்படாது, இவர்களுக்கு எதற்கு இரக்கம்" என்று எழுதியவரை எனக்குப் பல வருடமாகத் தெரியும். எங்கள் வீட்டுக்கு வந்தவர், அக்கா கையால் சாப்பிட்டவர். அவள் அன்று தனக்கு இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டதை அவர் கவனித்திருக்க மாட்டார். நம் உறவுப் பெண்களை அந்த விளம்பரத்தின் வாசலுக்குத் தள்ளுவது இந்தப் பேச்சுதான். காணொளி எடுத்தவர்கள் அதைக் காசாக்கத் தெரிந்தவர்கள், அவ்வளவே. அக்கா முகநூலில் இருக்கிறாள், அந்த வரியைப் படித்துவிட்டாள். நீங்கள் என்னிடம் விளக்கம் சொல்ல வேண்டாம். அதை நீக்கிவிட்டு, அவளிடம் பேசுங்கள்.