ஒலிவ் இங்கே வளரும், ஆனால் பூக்காது

மட்டக்களப்பு மணலில் ஒலிவ் நட்டால் சில வருசத்தில் காய்க்கும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. வளரும் என்பது சரி, காய்க்கும் என்பது சரியில்லை. பூமொட்டு முந்தின கோடையிலேயே இலைக்கக்கத்தில் (இலை கொப்போடு சேரும் மூலையில்) தீர்மானமாகிவிடும். ஆனால் அது பூவாக விரிய, குளிர்காலத்தில் பல வாரம் 10 முதல் 13 பாகை செல்சியஸ் அளவில் குளிர் வேண்டும். எங்கட பக்கம் தை மாத விடியற்புறத்தில்கூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது.

குளிர் கிடைக்கிற ஸ்பெயின், இத்தாலித் தோட்டங்களிலும் பூத்ததெல்லாம் காயாவதில்லை. நூறு பூவில் ஒன்றிரண்டு காயாக நின்றாலே நல்ல விளைச்சல். பூவைப் பிரித்துப் பாருங்கள்: நடுவில் பச்சையாகத் திரண்ட சூலகம் (காயாக மாறும் பகுதி) இருந்தால்தான் காய் பிடிக்கும். மொட்டு வளரும் காலத்தில் தண்ணீரோ தழைச்சத்தோ குறைந்தால் சூலகம் கருகி, மகரந்தம் மட்டுமுள்ள ஆண்பூக்கள் கூடும். மகரந்தத்தைக் காற்றுத்தான் கொண்டுபோகிறது. பூக்கும் நாளில் மழை பெய்தால் கழுவிப்போகும், கடும் வெக்கை அடித்தால் மகரந்தம் ஒட்டும் நுனியான சூல்முடி காய்ந்துவிடும். பல இனங்கள் தன் மகரந்தத்தில் சரியாகக் காய்க்காது, பக்கத்தில் வேறு இனம் வேண்டும்.

ஒரு வருசம் மரம் நிறையக் காய்த்தால் விதையில் சுரக்கும் வளர்ச்சிப் பொருள் அடுத்த வருச மொட்டைத் தடுக்கும். அதனால்தான் பூத்து மூன்று வாரத்துக்குள் பிஞ்சைக் குறைக்கிறார்கள்.

ஒலிவ் கன்றுக்குக் காசு ஒதுக்கியவர்கள் தயவுசெய்து மரமுந்திரிகை நடுங்கள். அதிலும் ஆண்பூவும், ஆண் பெண் பகுதி இரண்டும் உள்ள இருபாற்பூவும் கலந்தே வரும், ஆனால் இந்த மண்ணில் குளிர் கேட்காமல் பூக்கும். மாரி முடிந்து பூக்கிற நேரம் பூங்கொத்து கருகினால் தேயிலைக் கொசு (சாறு உறிஞ்சும் ஒரு பூச்சி, நுளம்பு இல்லை) குத்தியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.