நானூறு பேருக்கும் பெயர் இருக்கிறது

அந்தக் காணொளியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். மூன்று நாளில் பதினோரு பேர் அனுப்பிவிட்டீர்கள். பார்த்துவிட்டேன். "தஞ்சாவூர்க் கோயிலுக்கு ராஜராஜன் நானூறு பெண்களைக் கொண்டுவந்தான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சாளர் கொஞ்சம் நிறுத்துகிறார். "எதுக்குன்னு நான் சொல்லணுமா?" என்கிறார். அரங்கம் சிரிக்கிறது. சிரித்தவர்களில் இரண்டு பேர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஆமாம், நீங்கள் சொல்லத்தான் வேண்டும். ஏனென்றால் எதற்கு என்று அந்தக் கல்வெட்டே சொல்லியிருக்கிறது. அதைப் படித்திருந்தால் அந்த இடத்தில் நிறுத்தியிருக்க மாட்டீர்கள்.

ராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1014 வாக்கில், பெரிய கோயில் திருச்சுற்றின் வடக்குச் சுவரில் வெட்டப்பட்டது அது. சோழ மண்டலத்தின் பல ஊர்க் கோயில்களிலிருந்து வந்த தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல். தளி என்றால் கோயில்; தளிச்சேரி என்றால் கோயிலை ஒட்டிய குடியிருப்பு. அங்கே இருந்து கோயில் பணி செய்தவர்கள் இவர்கள். எந்தத் தெரு, அதில் எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன என்று வரிசையாகப் போகிறது. தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு: நக்கன் சேரமங்கை. திருவையாற்றிலிருந்து வந்தவர். இன்னொருவர் பெயர் எடுத்தபாதம். நடராசர் தூக்கிய திருவடியைப் பெண் குழந்தைக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள்! இன்னொருவர் பரவை.

ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. ஒரு பங்கு என்பது வருடத்துக்கு 100 கலம் நெல். அதை அளக்கும் மரக்காலுக்கு ஆடவல்லான் என்று பெயர். இறந்துபோனாலோ ஊரைவிட்டுப் போனாலோ அந்தப் பங்கு நெருங்கிய உறவினருக்கு; அவருக்கு வேலை தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரை அவர் நிறுத்த வேண்டும். வேலை தெரிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இதில் சிரிப்பதற்கு எந்த வரி இருக்கிறது?

அதே கல்வெட்டில் ஆடக் கற்றுத்தரும் நட்டுவனார்கள் இருக்கிறார்கள். பாடுகிறவர்கள், மத்தளக்காரர்கள், தையல்காரர், குயவர், வண்ணார், நாவிதர், தச்சர், கணக்கர் எல்லோருக்கும் பங்கு இருக்கிறது. கணக்கரை எதற்குக் கொண்டுவந்தார்கள் என்று எந்த மேடையிலும் யாரும் கண்ணைச் சிமிட்டிக் கேட்டதில்லை. பெண்கள் என்றதும்தான் கேள்வி வருகிறது.

உடனே ஒருவர் வருவார், தெரியும். "நீ ராஜராஜனுக்கு வக்காலத்து வாங்குகிறாய்" என்பார். இல்லை. கொண்டுவந்தபோது அந்தப் பெண்களின் சம்மதத்தைக் கேட்டதாக எங்கும் இல்லை. திருவையாற்றில் இருந்த சேரமங்கை தஞ்சாவூருக்கு மனம் ஒப்பி வந்தாரா, அழுதுகொண்டு வந்தாரா, எனக்குத் தெரியாது. நான் அரசனைப் பற்றிப் பேசவே இல்லை.

"கல்வெட்டில் இல்லாததாலேயே நடக்கவில்லை என்று ஆகிவிடுமா?" இது நியாயமான கேள்வி. ஆனால் ஒன்றை யோசியுங்கள். அந்தக் காலத்துக் கல் எதையும் மூடி மறைத்ததில்லை. திருவாரூரில் ராஜேந்திரனும் அவனுடைய அணுக்கியார், அதாவது அவனுக்கு நெருக்கமான பெண், பரவை நங்கையும் சேர்ந்து நின்ற இடத்தில் விளக்கு வைத்ததைக்கூட வெட்டி வைத்திருக்கிறார்கள். திருப்பாம்புரத்தில், பஞ்சத்துக்குத் தன்னையும் தன் இரண்டு மகள்களையும் அடிமையாக விற்றுக்கொண்ட வேளாளன் ஒருவனைப் பற்றியும் வெட்டியிருக்கிறார்கள். அணுக்கத்தையும் எழுதியது, அடிமைத்தனத்தையும் எழுதியது. சேரமங்கைக்கு மட்டும் எதை ஒளிக்கும்? கோயிற்பெண்கள் பற்றிய சோழர் காலக் கல்வெட்டுகளை நூற்றுக்கணக்கில் படித்தவர் லெஸ்லி ஓர் என்ற ஆய்வாளர். அவற்றில் இந்தப் பெண்கள் அதிகமாக வருவது விளக்குக்கும் பூசைக்கும் நிவந்தம் (கொடை) கொடுத்தவர்களாக. கொடுத்தவர்கள்! வாங்கப்பட்டவர்களாக அல்ல.

பெரியபுராணம் பாடிய சேக்கிழார் இதில் உங்களைவிட நாகரிகமானவர். சுந்தரரின் மனைவி பரவையார் உருத்திர கணிகையர் குலத்தில், அதாவது சிவன் கோயிற்பெண்களின் குலத்தில் பிறந்தவர் என்று நேராகவே சொல்கிறார். அந்தப் பரவையின் கோபத்தைத் தணிக்க, ஒரே இரவில் இரண்டு முறை திருவாரூர்த் தெருவில் தூது நடந்தவர் சிவபெருமான். அதை வாசிக்கும்போது கண்ணீர் விடுகிறவர்கள்தான் முன்வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறீர்கள்.

"பிற்காலத்தில் பொட்டுக்கட்டு முறை கொடுமையாகத்தானே இருந்தது, முத்துலட்சுமி ரெட்டி சும்மாவா போராடினார்?" சும்மா இல்லை. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி நேர்ந்துவிடுவதைத் தடுத்து 1947இல் வந்த சட்டம் வந்தே தீர வேண்டிய சட்டம். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் கொள்ளுப்பாட்டி பொட்டுக் கட்டியவர்.

இதை இங்கே எழுத வேண்டாம் என்றுதான் இத்தனை வருடம் இருந்தேன். சரி, எழுதியாகிவிட்டது.

அக்கா கல்யாணப் பத்திரிகைக்கு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள். கொள்ளுப்பாட்டி பெயர் வந்ததும் சின்னத் தாத்தா பேனாவை வாங்கி அடித்தார். "பேரைப் பாத்தாலே தெரிஞ்சிடும். மாப்பிள்ளை வீட்டுல பேசுவாங்க" என்றார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. பாட்டி அடுப்படியிலிருந்து வந்தார். "எங்கம்மா பேரு வேணாம்னா எம்பேரும் வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் பெயரும் இல்லாமல்தான் அந்தப் பத்திரிகை அச்சானது.

அவர்களைக் குறித்த மரியாதைச் சொல் தேவரடியார். அதை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று பேருந்தில், பள்ளிக்கூடத்தில், படத்தில் தினமும் கேட்கிறேன். ஏழாவது படிக்கும்போது அதே சொல்லை என் முகத்துக்கு நேரே சொன்னான் ஒருவன். அவனுக்கு அர்த்தம் தெரியாது. மேடையில் பேசியவருக்குத் தெரியும். தெரிந்தே, வாயால் சொல்லாமல், சிரிப்பில் சொல்ல வைத்தார்.

"ஒரு நகைச்சுவைக்கு இவ்வளவு நீளமா?" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. நீங்கள் நட்பு நீக்கிக்கொள்ளலாம்.

பாட்டியை ஒருமுறை தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனேன். அப்போது அவருக்கு எண்பது வயதுக்கு மேல். நந்தியைப் பார்த்தார், பெரிய நாயகியைக் கும்பிட்டார். அப்புறம் வடக்குச் சுற்றில் சுவர் ஓரமாக உட்கார வைத்து, கையில் இருந்த அச்சுப் படியைப் பார்த்து வாசித்தேன். தென்சிறகு, தலைவீடு, நக்கன் சேரமங்கை. "ராசாவே எழுதச் சொன்னானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ரெண்டாவது வீட்டுல யாரு?" என்றார். வாசித்தேன். "மூணாவது?" அதையும் வாசித்தேன். வெயில் ஏறிக் கல் சுடுகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.