எலும்புக்கூட்டுக்கு அவசரம் இல்லை

அக்டோபர் பிறந்தால் போதும், யூடியூப் முழுக்க எலும்புக்கூடுகள் ஆடத் தொடங்கிவிடும். பழைய கார்ட்டூன் பாட்டு ஒன்றை எடுக்க வேண்டியது, எலக்ட்ரானிக் டிரம்மைச் சேர்க்க வேண்டியது, 'ஹாலோவீன் எலக்ட்ரோ ஸ்விங்' என்று ஏற்றிவிட வேண்டியது. பழைய ஸ்விங் ஜாஸோடு எலக்ட்ரானிக் தாளத்தைக் கலக்கும் இந்த இசையின் மீது எனக்குப் பகை கிடையாது. ஆஸ்திரியாவின் பரோவ் ஸ்டெலாரும் பிரான்சின் கேரவன் பேலஸும் என் கைப்பேசியில் எப்போதும் உண்டு. ஆனால் இந்த ஹாலோவீன் ரீமிக்ஸ்களில் பாதிக்குமேல் பேயை விரட்டிவிட்டுத்தான் ஆட்டம் போடுகின்றன.

பிளைஷர் ஸ்டூடியோ 1932இல் எடுத்த பெட்டி பூப் கார்ட்டூன் 'மின்னி த மூச்சர்' பாருங்கள். சாப்பிட மறுத்துத் திட்டு வாங்கிய பெட்டி, வீட்டை விட்டு ஓடி ஒரு குகைக்குள் ஒதுங்குகிறாள். அங்கே வால்ரஸ் உருவில் ஒரு பேய், ஜாஸ் பாடகர் கேப் காலோவேயின் குரலில் பாடியபடி ஆடுகிறது. அந்த ஆட்டம் காலோவேயுடையதேதான். அவர் ஆடியதைப் படம்பிடித்து, பிரேம் பிரேமாக அதன்மேல் வரைந்தார்கள். ரோட்டோஸ்கோப் என்னும் அந்த உத்தி மாக்ஸ் பிளைஷர் கண்டுபிடித்தது. ஒரு மனிதனின் இடுப்பும் காலும் அந்தக் கொழுத்த உடம்பில் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது.

பாட்டும் அப்படித்தான், நிதானமாக வரும். காலோவே ஒரு வரியை இழுத்துப் பாடுவார், குழு அதைத் திருப்பிப் பாடும். பயம் குடியிருப்பது அந்த இடைவெளியில். நம் ரீமிக்ஸ்காரரோ வேகத்தை நிமிடத்துக்கு 125 தாள அடிக்கு ஏற்றி, அடிக்கு அடி 'டம்' வைத்து அந்த இடைவெளியை அடைத்துவிடுகிறார். ஸ்விங்கில் ஓர் அடியின் முதல் பாதி நீண்டும் மறுபாதி குறுகியும் வரும். மென்பொருளில் இரண்டையும் சமமாக வெட்டினால், ஸ்விங் தலைப்பில் மட்டுமே மிஞ்சும். போதாக்குறைக்கு இடிச் சத்தம், சூனியக்காரிச் சிரிப்பு வேறு!

டிஸ்னியின் 1929ஆம் ஆண்டு 'ஸ்கெலட்டன் டான்ஸ்' கார்ட்டூனின் காப்புரிமை அமெரிக்காவில் 2025 ஜனவரியோடு முடிந்துவிட்டது. இனி ஆளாளுக்கு அதில் கை வைப்பார்கள். வைக்கட்டும். அதில் ஓர் எலும்புக்கூடு இன்னொன்றின் தொடை எலும்புகளைக் கழற்றி, அதன் முதுகிலேயே சைலஃபோன் வாசிக்கும். கார்ல் ஸ்டாலிங் இசையமைத்த அந்தத் துண்டே தாளம்தான். அதைத் தனியே ஓடவிட்டு, பேஸ் என்னும் தாழ்ந்த ஒலி மட்டும் அடியில் ஊர்ந்து வந்தால் எப்படி இருக்கும்!

யாராவது செய்திருந்தால் இணைப்பைக் கீழே போடுங்கள். முதல் நிமிடத்திலேயே 'டம் டம்' கேட்டால் மூடிவிடுவேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.